மரத்தில் கத்தி வைத்தவர்கள் வாருங்கள்: எவ்வளவு ஆழம் போனீர்கள்?

ரப்பர்க்காட்டான், மோல்மீன்

பேத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய் நான் பாடம் படித்துக்கொண்டு வந்தேன். செடிக்குள் தண்ணீர் எப்படி ஏறுகிறது, இலையில் சமைத்த சர்க்கரை எப்படி இறங்குகிறது என்பதுதான் அன்றைய பாடம். புத்தகம் பர்மிய மொழியில். தண்டைக் குறுக்கே அறுத்துப் படம் போட்டிருந்தார்கள். உள்ளே கட்டைப் பக்கம் சைலம். தண்ணீரும் மண்ணின் உப்புச்சத்துகளும் மேலே ஏறுகிற வழி. வெளியே பட்டைப் பக்கம் புளோயம்; சர்க்கரை போகிற வழி. இரண்டுக்கும் நடுவில் நூல் கனத்தில் ஒரு படலம், கேம்பியம். அந்த ஒரு படலம்தான் உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் வளர்க்கிறதாம். படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா திட்டித் திட்டிச் சொன்ன விஷயமல்லவா இது!

பதினாறு வயதில் முடோன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் பழகினேன். விடிவதற்கு வெகு முன்னால், மூன்று மூன்றரைக்கெல்லாம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஏன் இந்த நேரத்தில் என்று கேட்டால், "வெயில் வந்தா பால் இறங்காதுடா" என்பார் அப்பா. விளக்கம் அதோடு முடிந்தது. ராத்திரியில் இலைகளின் துளைகள் மூடிக்கொள்கின்றன, தண்ணீர் ஆவியாகிப் போவது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, வேர் குடித்ததெல்லாம் மரத்துக்குள்ளேயே தங்கி ஒவ்வொரு செல்லும் விம்மி நிற்கிறது. விடியல் நேரத்தில் பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களுக்குள் 10 முதல் 15 வளிமண்டல அழுத்தம் இருக்கும். லாரி டயருக்குக்கூட அவ்வளவு காற்று அடிப்பதில்லை. வெயில் ஏறி இலை தண்ணீரை வெளியே விட ஆரம்பித்ததும் அந்த விம்மல் தணிந்துவிடும். அப்பா சொன்னது சரிதான், கொஞ்சம் சுருக்கிச் சொல்லியிருக்கிறார்.

வெட்டு இடது மேலிருந்து வலது கீழே சரிவாக வர வேண்டும். பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடாமல் சற்றே சாய்ந்து ஓடுவதால் இந்தச் சரிவில்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மரத்தின் பாதிச் சுற்றுக்கு மட்டுமே வெட்டு. மறுபாதிப் பட்டை முழுசாக இருப்பதால் சர்க்கரை அந்தப் பக்கமாக வேருக்குப் போய்ச் சேரும். ஆழத்தில்தான் வம்பு. பால் அதிகம் இருப்பது கட்டையை ஒட்டிய உள்பட்டையில். ஆசை அங்கேதான் கையை இழுக்கும். ஆனால் கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நின்றுவிட வேண்டும். ஒருநாள் எனக்கு நிற்கவில்லை. அப்பா விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு, "இந்த இடம் இனிமே உன் பேரைச் சொல்லும்" என்றார். சொல்லத்தான் செய்தது. புதுப்பட்டை வளர்ந்தபோது அந்த இடம் மட்டும் முண்டும் முடிச்சுமாக வந்தது. அடுத்த சுற்றில் அங்கே யார் கத்தியும் ஓடவில்லை.

உங்களில் யாராவது மரத்தில் கத்தி வைத்திருந்தால் எழுதுங்கள்.


மாடித்தோட்டம், ரங்கூன்

ஐயா, நான் வைத்தது கத்தியில்லை, சவர பிளேடு. மாமியார் வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து பதியம் போட ஆசைப்பட்டேன். விரல் கனத்துக் கிளை ஒன்றில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தேன். ஈரத் தேங்காய்நாரை வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டினேன். இரண்டு மாதம் கழித்து ஆசையாகப் பிரித்தால் ஒரு வேர்கூட இல்லை. உரித்த இடத்தில் புதுப்பட்டை மூடி, காயம் ஆறிப் போயிருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "வழவழப்பைச் சுரண்டினியா?" என்றார். சுரண்டவில்லை. பட்டையை உரித்ததும் கட்டையின் மேல் எண்ணெய் தடவியது போல ஒரு பசை இருக்கும், அதைச் சும்மா விட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன கேம்பியம் அதுதான் போலிருக்கிறது. அது இருந்தால் பட்டையைத் திரும்பக் கட்டிவிடும்.

அடுத்த மழைக்காலத்தில் நன்றாகச் சுரண்டிக் காயவிட்டுக் கட்டினேன். ஒன்றரை மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் தெரிந்தது. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், பட்டையை வளையமாக எடுத்தும் கிளையின் ஒரு இலைகூட வாடவில்லை. தண்ணீர் கட்டை வழியாக ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கீழே போக வழியில்லாத சர்க்கரை மட்டும் வளையத்தின் மேல் உதட்டில் தேங்கி, அந்த இடம் உப்பி, அதிலிருந்துதான் வேர் வந்திருக்கிறது.


பாளைப் பேரன், மண்டலே

உங்கள் வளையமெல்லாம் பனையிடம் செல்லாது. பனைக்கு உரிக்கப் பட்டையே கிடையாது. தண்ணீர்க் குழாயும் சர்க்கரைக் குழாயும் ஒரே நாருக்குள் ஜோடி ஜோடியாகக் கட்டுண்டு மரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. நாம் சிறாம்பு என்கிறோமே, அதற்குள்தான் இரண்டும். சுற்றிலும் கொத்தினாலும் நடுவில் உள்ளவை வேலை செய்துகொண்டே இருக்கும். கேம்பியம் இல்லாததால் புதுக் குழாயும் வளராது. ஐம்பது வருடப் பனையின் அடியில் சர்க்கரை கடத்துவது அது கன்றாக இருந்தபோது உண்டான அதே செல்கள். உயிரோடு, அத்தனை வருடம்!

எங்கள் தாத்தா ராமநாதபுரத்தில் பனையேறி. நான் லாரி ஓட்டுகிறவன். பகானிலிருந்து போப்பா மலைக்குப் போகும் வழியில் பனைவெல்லம் காய்ச்சுகிற குடிசைகளில் வண்டியை நிறுத்தாமல் போனதில்லை. பர்மியர்கள் மரத்தோடு மூங்கில் ஏணியைக் கட்டி வைத்து ஏறுகிறார்கள். காலில் தளைநார் மாட்டி மார்பை மரத்தில் தேய்த்து ஏறிய தாத்தா இதைப் பார்த்திருந்தால் பரிகாசம் செய்திருப்பார். ஆனால் பாளையிடம் இரண்டு பேர் வைத்தியமும் ஒன்றுதான்: இடுக்கி நசுக்குவது, நுனியை மெல்லிசாகச் சீவுவது, கலயத்தைக் கட்டுவது. காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும்.

ஒரு முறை பெரிதாக வெட்டிவிட்டால் போதாதா என்று சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "வாய மூடிக்கும்லே" என்றார். நிஜமாகவே மூடிக்கொள்கிறது. சர்க்கரைக் குழாய் அறுபட்டதும் அதன் குறுக்கே சல்லடை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் தட்டுகளில் புரதமும் கேலோஸ் என்ற பசையும் வந்து அடைத்துக்கொள்ளும். தினமும் காகித கனத்துக்குச் சீவினால்தான் திறந்த வாய் கிடைக்கும். சாறு தானாகக் கொட்டுவதற்குக் காரணத்தை 1930இல் எர்ன்ஸ்ட் முன்ச் என்ற ஜெர்மானியர் விளக்கினார். இலையில் குழாய்க்குள் சர்க்கரை ஏறினதும் பக்கத்திலிருக்கும் தண்ணீர் அதைத் தேடி உள்ளே வரும். அழுத்தம் கூடும். சர்க்கரை செலவாகிற இடத்தில் அழுத்தம் குறைவு, எனவே சாறு அந்தப் பக்கம் தள்ளப்படும். பூவும் காயும் தலையில் இருந்தால் மேலேயும் போகும். சர்க்கரை கீழே மட்டும்தான் போகும் என்று எழுதினால் பனை கோபித்துக்கொள்ளும், ஐயா.


சும்மா ஒரு கேள்வி, தவுங்கு

அப்படியானால் ரப்பர் பாலும் மரத்தின் சர்க்கரைச் சாறுதானா?


ரப்பர்க்காட்டான், மோல்மீன்

இல்லை தம்பி. பால்குழாய் தனி, புளோயத்தின் சர்க்கரைக் குழாய் தனி. இரண்டும் ஒரே பட்டையில் குடியிருப்பதால் குழப்பம். பால் மரத்துக்குச் சாப்பாடு இல்லை. காயம் பட்டால் பூச்சியின் வாயில் ஒட்டிக்கொள்கிற பிசின் மாதிரி. ஆனால் பாலைத் தயாரிக்கச் சர்க்கரை வேண்டும், அது புளோயத்திலிருந்துதான் வரும். அதனால் ஓயாமல் வெட்டினால் மரம் இளைக்கும்.

பாளைப் பேரன் தம்பி திருத்தியது சரி. மேல், கீழ் என்று சொன்னது என் அவசரம்.


வைரக்கட்டை, பெகு

ஐயா கட்டைக்கு முன்னால் கத்தியை நிறுத்தச் சொன்னார். எங்கள் தாத்தா பார்த்த தொழிலில் கட்டைக்குள் கோடரி போகாவிட்டால்தான் தப்பு.

தாத்தா ரங்கூன் மர ஆலைக் கூலி. காட்டுக்குள் சில காலம் போய் வந்தவர். பெகு யோமா மலைத்தொடரின் தேக்கை அப்படியே வெட்டிச் சாய்க்க மாட்டார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும்; ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் ரங்கூனுக்குக் கொண்டுவர முடியும். எனவே அடிமரத்தைச் சுற்றி வளையமாகக் கொத்தி, நின்றபடியே சாகவைத்து, மூன்று வருடம் காயவிட்டு, அப்புறம்தான் சாய்ப்பார்கள். யானை ஓடைக்கரைவரை இழுக்கும், மழைவெள்ளம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 1856இல் பெகுக் காடுகளுக்குப் பொறுப்பாக வந்த டீட்ரிக் பிராண்டிஸ் மரங்களை எண்ணி, சுற்றளவு பார்த்து, பருத்தவற்றை மட்டும் கொத்தச் செய்தார். இந்தியா வரை பேர்போன வனத்துறை ஆள் அவர்.

இதில் தாத்தா அடிக்கடி சொல்வது: "பட்டைய மட்டும் எடுத்தவன் ஏமாந்தான்." பட்டையோடு நிறுத்தினால் இலைகள் பல மாதம் பச்சையாகவே நிற்கும். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், பட்டினி கிடப்பது வேர் மட்டும். அது சேமிப்பைத் தின்று மெல்லத்தான் சாகும். தேக்கில் பட்டைக்கு அடுத்த வெளிர்க்கட்டை முழுவதையும் அறுத்து, வைரம் தெரியும்வரை கோடரி போக வேண்டும். வைரம் பாய்ந்த கட்டையில் குழாய்கள் அடைத்துப் போயிருக்கும், தண்ணீர் ஏறாது. வெளிர்க்கட்டை அறுந்ததும் உச்சி இலைகள் வாட ஆரம்பித்துவிடும். தச்சர்கள் வைரத்தை மெச்சுகிறோம், மரத்துக்கு உயிர் கொடுப்பது நாம் சீவித் தள்ளுகிற அந்த வெள்ளைக்கட்டை.

இன்னொன்று. பம்பை மேலே வைத்து எவ்வளவு உறிஞ்சினாலும் தண்ணீர் 10 மீட்டருக்கு மேல் ஏறாது என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். தேக்கு 30 மீட்டர் நிற்கிறது. மேலே மோட்டாரும் இல்லை. எப்படி?


ரப்பர்க்காட்டான், மோல்மீன்

பேத்தி தன் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறாள்: இலையிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு துளியும் பின்னால் இருப்பதை இழுக்கிறது. நுண்ணிய குழாய்க்குள் தண்ணீர்த் துகள்கள் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொள்வதால் வேர்வரை ஒரே கயிறாக இழுபடுகிறது. 1890களில் அயர்லாந்தின் டிக்சனும் ஜோலியும் சொன்ன விளக்கமாம். மோட்டார் வெயில்தான்.


தாமரைத்திரி, ரங்கூன்

அந்தக் கயிறு இழுபடுகிற குழாயை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்!

இன்லே ஏரிக்குள் நெசவு செய்கிற ஊர் ஒன்றுக்குப் போயிருந்தோம். ஓர் அம்மாள் நாலைந்து தாமரைத் தண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, கத்தியால் மேலாகக் கீறி, பட்டென்று முறித்து இரண்டு பக்கமும் இழுத்தார். நடுவில் சிலந்தி நூலைப் போல இழைகள். ஈரப் பலகையில் உள்ளங்கையால் உருட்டினார், நூலாகிவிட்டது. அதில்தான் புத்த பிக்குகளுக்குச் சீவரம் என்கிற அங்கி நெய்கிறார்கள். எனக்கு உடனே எங்கள் அம்மா விளக்கில் போடுகிற தாமரைத்தண்டுத் திரி ஞாபகம் வந்தது.

அந்த இழை என்ன என்று ஊருக்கு வந்து தேடினேன். சைலக் குழாயின் உள்சுவரில் ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும் தடிப்பு. முறிக்கும்போது குழாய் உடைந்து, சுருள் மட்டும் அவிழ்ந்து நூலாக நீள்கிறது. என் வீட்டுக்காரர் பம்பு செட் வேலை பார்ப்பவர். அவரிடம் சொன்னேன். "உறிஞ்சுற ஹோஸ்ல கம்பிச்சுருள் வச்சிருப்போம்ல, இல்லைன்னா சப்பிப் போயிடும். அதேதான்" என்றார். வைரக்கட்டை அண்ணன் கேட்டதற்கு பாதி பதில் அவர் வாயிலேயே இருந்திருக்கிறது.


தீவுக்கரை, பியாப்பொன்

கத்தியில்லாத கதை ஒன்று. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது கடல் எங்கள் கொல்லைக்குள் வந்தது. வீட்டில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். சாயாமல் நின்ற வாழை நாலைந்து இருந்தன. வேரெல்லாம் தண்ணீர், ஆனால் இலை ஓரம் கருகிக் காய்ந்துகொண்டே வந்தது. தண்ணீரில் நிற்கிற மரம் தாகத்தில் சாவதை அப்போதுதான் பார்த்தேன். மண்ணில் உப்பு வேரைவிட அதிகமாகிவிட்டால் வேரால் தண்ணீரை உள்ளே எடுக்க முடியாது என்று பின்னால் ஒருவர் விளக்கினார். மழை பெய்து மண்ணைக் கழுவிய பிறகு, அடிக்கிழங்கிலிருந்து ஒரே ஒரு கன்று வந்தது.


மாமரத்து வீடு, தாட்டோன்

நேற்று இரவு இதையெல்லாம் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. எங்கள் வாசல் மாமரத்தில் துணி காயப்போட அப்பா கட்டிய இரும்புக் கம்பி இருக்கிறது. பல வருடமாக யாரும் கவனிக்கவில்லை. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பிக்கு மேலே மரம் தொப்பை போட்டிருக்கிறது, கீழே இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. மாடித்தோட்டம் அக்கா சொன்ன அதே உதடு.

கட்டர் வாங்கி வந்து வெளியே தெரிந்த பக்கமெல்லாம் வெட்டி எடுத்துவிட்டேன். கிழக்குப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பியைப் பட்டை விழுங்கி மூடிவிட்டது. அதை நோண்டப் போனால் மிச்சமிருக்கிற பட்டையையும் நானே அறுத்தவனாவேன் என்று விட்டுவிட்டேன். உள்ளேயே கிடக்கட்டும். மனைவி துணிக்கூடையோடு வாசலில் நின்றுகொண்டு என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.