ஆளொருமை: கிறிஸ்துவின் ஈரியல்புக்கு ஒரு கலைச்சொல்

பொருள்: மறு: மறு: கிறிஸ்தியல் சொற்கள் – கால்செதோனின் ‘ஹிப்பொஸ்டாசிஸ்’ ஒன்றிப்பு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்து என்ற ஒருவரில் இறை இயல்பும் மனித இயல்பும் ஒன்றித்திருப்பதை இறையியலார் ‘ஹிப்பொஸ்டாசிஸ்’ ஒன்றிப்பு என்பார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதே இந்த இழையின் கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகளை ஒரே மூச்சில் வாசித்தேன். ‘இரண்டறக் கலத்தல்’, ‘இறைமனித இணைவு’, ‘உடனாதல்’, ‘அடிநிலை ஒன்றிப்பு’. கேட்பதற்கு நான்கும் இனிமையாக இருக்கின்றன. ஆனால் நாம் பெயர் சூட்டப் போவது அங்குலம் அங்குலமாக வாதாடி வரையறுத்த ஒரு கோட்பாட்டுக்கு. சொல் சற்று நகர்ந்தாலும் எதிர்க்கட்சிக்காரரின் வீட்டில் போய் நிற்போம். கொழும்பில் கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் பாடசாலையில் வெவ்வேறு பாடங்கள். இரண்டு பாடநூல்களுக்கும் பொதுவாகப் பயன்படும் ஒரு சொல் கிடைத்தால் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஆகவே சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

முதலில் உரைகல். 451ஆம் ஆண்டு கால்செதோனில், இன்றைய இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் இருக்கும் கடிகோய்ப் பகுதியில், கூடிய ஆயர்கள் யேசு கிறிஸ்துவைப் பற்றி இப்படி அறிக்கையிட்டார்கள்: அவர் இறைமையிலும் நிறைவானவர், மனிதத்திலும் நிறைவானவர், ஒரே ஆள், இரண்டு இயல்புகள், அவ்விரண்டும் கலப்பின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி இருக்கின்றன. இந்த நான்கு ‘இன்றி’களும்தான் நம் அளவுகோல். முதல் இரண்டும் யூத்திக்கேசு என்ற துறவியை நோக்கியவை. அவர் சொன்னபடி பார்த்தால், ஒன்றிப்புக்குப் பிறகு மனித இயல்பு இறை இயல்புக்குள் கரைந்து போய்விடும். பின்னிரண்டும் கொன்ஸ்தாந்திநோப்பிள் பேராயராக இருந்த நெஸ்தோரியசை நோக்கியவை. அவருடைய பேச்சில் கிறிஸ்து ஏறத்தாழ இரண்டு ஆட்களாகப் பிரிந்துவிடுகிறார்.

இப்போது ‘இரண்டறக் கலத்தல்’ என்பதைப் பாருங்கள். பக்தித் தமிழ் நமக்குத் தந்த மிக அழகான தொடர்களில் ஒன்று அது. ஆனால் அதில் ‘கலத்தல்’ இருக்கிறது. ‘இரண்டு அற’ என்பதும் இருக்கிறது. கால்செதோனோ கலக்கவில்லை என்கிறது, இரண்டும் அறவில்லை என்கிறது. யூத்திக்கேசு தமிழராகப் பிறந்திருந்தால் இதே தொடரைத்தான் எடுத்திருப்பார். இதை விட்டுவிடுவோம்.

‘இணைவு’ மறுபக்கம் சரிகிறது. இரண்டு தனித்தனிப் பொருள்கள் முன்பே இருந்து, பிறகு ஒன்றோடொன்று சேர்வதுதான் இணைவு. நெஸ்தோரியஸ் விரும்பிப் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லும் ஏறக்குறைய இதே பொருளுடையதே. யேசு என்ற மனிதர் தனியே இருந்தார், பிறகு இறைவார்த்தை வந்து அவரோடு இணைந்துகொண்டது என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. மரியாளின் வயிற்றில் கருவான அந்தக் கணம் முதல் அவர் ஒருவரே. அதனால்தான் 431இல் எபேசு பொதுச்சங்கம் மரியாளைக் கடவுளைப் பெற்றவள் என்று அழைக்கலாம் என்றது. கொச்சிக்கடையில் அந்தோனியார் ஆலயத்துக்கு முன்னே மெழுகுதிரி விற்கும் ஒரு மூதாட்டி, கையில் செபமாலையோடு “தூய மரியே, இறைவனின் தாயே” என்று முணுமுணுத்துக்கொண்டே மீதிக்காசு எண்ணித் தருவதைப் பார்த்திருக்கிறேன். எபேசு என்ற ஊர்ப் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்காமல் இருக்கலாம். அதன் தீர்மானம் நாள்தோறும் அவர் வாயில் இருக்கிறது.

‘உடனாதல்’ பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். வெள்ளவத்தை நண்பர் சைவ சித்தாந்தத்திலிருந்து மிகுந்த அன்போடு இதை எடுத்துத் தந்திருக்கிறார். ஒன்றாய், வேறாய், உடனாய் என்று மெய்கண்டார் மரபு சொல்வதை விட நுட்பமான ஒன்றிப்பு மொழி தமிழில் வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கிறிஸ்தவ இறையியல் எழுதுகிறவர்கள் அதைப் படிக்காமல் பேனாவைத் தொடக்கூடாது. ஆனால் சித்தாந்தம் அங்கே பேசுவது இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவை. உயிர் ஒரு பொருள், பதி, அதாவது இறைவன், வேறொரு பொருள். உயிர்கள் பல. கால்செதோன் பேசுவது உறவைப் பற்றியே அல்ல. யார் என்ற கேள்விக்கு ஒரே விடையுள்ள ஒருவரைப் பற்றி. உடனாய் நிற்க இருவர் வேண்டும், இங்கோ ஒருவர்தான் இருக்கிறார். கடவுள் நம்மோடு இருக்கிறார் என்ற அருள்வாழ்வுக் கோட்பாட்டுக்கு இந்தச் சொல்லைப் பத்திரப்படுத்தி வைப்போம். அங்கே அது ஒளிவிடும்.

‘அடிநிலை’ என்பது ‘ஹிப்பொஸ்டாசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்தது. லத்தீன்காரர்களும் அதையே செய்து பார்த்தார்கள்; அவர்களுக்கு அது ‘சப்ஸ்டான்சியா’ (உள்பொருள்) ஆகி, கிழக்கில் மூன்று ஹிப்பொஸ்டாசிஸ் என்றால் மேற்கில் மூன்று கடவுள்கள் என்று காதில் விழுந்தது. கிரேக்கர்களுக்கே முதலில் தெளிவில்லை. 325இல் நிசேயா பொதுச்சங்கம் அந்தச் சொல்லையும், உள்பொருளைக் குறிக்கும் ‘ஊசியா’வையும் ஒரே பொருளில் வைத்துத்தான் பேசியது. தமிழிலும் தடுமாற்றம் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் எபிரெயர் 1:3ஐத் திறந்தால் இதே ஹிப்பொஸ்டாசிஸ் ‘தன்மை’ என்று வருகிறது (“அவருடைய தன்மையின் சொரூபமும்”). அதே நிருபத்தில் 11:1இல் அது ‘உறுதி’ ஆகிவிடுகிறது. இரண்டும் அந்தந்த இடத்துக்குப் பொருத்தமே. ஆனால் கால்செதோன் காலத்துக்கு வரும்போது சொல்லின் பொருள் ‘யார்’ என்பதாக நிலைபெற்றுவிட்டது. நமக்குத் தேவை அந்த ‘யார்’.

அதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் சொல் ‘ஆள்’. ஒரே கடவுள், மூன்று ஆட்கள் என்று பாட்டிமார் மனப்பாடமாகச் சொன்ன சொல். கூலியாளையும் குறிக்கிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. ‘நபர்’ பொலிஸ் அறிக்கைக்கு உரியது. ‘ஆளுமை’ இன்று ஒருவருடைய குணவலிமையைக் குறிப்பதாகிவிட்டது. “யேசு ஓர் ஆளுமை” என்றால் அவரைத் தலைவர்களின் வரிசையில் நிறுத்துகிறோம்.

இயல்புக்கு வருவோம். பழைய ஞானோபதேசத்தில் ‘தேவ சுபாவம், மனுஷ சுபாவம்’ என்று இருந்தது. நல்ல சொல், சிங்களத்திலும் அதே சொல்தான் புழங்குகிறது. ஆனால் இன்று “அவர் சுபாவமே அப்படி” என்றால் குணத்தைத்தான் சொல்கிறோம். ‘தன்மை’ இலக்கணத்தில் நான், நாம் என்பதற்குப் பெயர். ஆளையும் இயல்பையும் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் அது இரண்டையும் குழப்பிவிடும். ‘பண்பு’ வேறு வேலைக்குத் தேவைப்படுகிறது. எனவே ‘இயல்பு’. இரண்டு இயல்புகள் சேர்ந்தால் ‘ஈரியல்பு’.

என் முன்மொழிவு: ஆளொருமை. ஆள் + ஒருமை. ஒருமை என்பது நம் இலக்கணத்தில் ஒருவரை மட்டும் சுட்டுவது. அதில் கலப்பில்லை, சேர்க்கை இல்லை, முன்னே இருவர் இருந்தார்கள் என்ற குறிப்பும் இல்லை. ‘ஒன்றிப்பு’ என்றால் நம் ஆலயங்களில் கிறிஸ்தவ ஒன்றிப்பு மன்றாட்டு வாரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அது பல சபைகள் கூடுவதைப் பற்றியது. ‘ஈரியல்பு ஆளொருமை’ என்று விரித்தும் சொல்லலாம்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். மாற்கு 4ஆம் அதிகாரம். யேசு படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். எழுப்பியதும் கடலைப் பார்த்து “இரையாதே, அமைதலாயிரு” என்கிறார். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கேட்டாள்: “தூங்கினது மனுசன், அதட்டினது கடவுளா, சேர்?” இல்லை மகள், தூங்கியவரும் அதட்டியவரும் ஒருவரே; தூங்கியது மனித இயல்பால், அதட்டியது இறை இயல்பால் என்றேன். உடனே பக்கத்து வாங்கிலிருந்து ஒரு பையன்: “அப்ப கடவுள் தூங்கினார் என்று சொல்லலாமா?” சொல்லலாம். ஆள் ஒருவர் என்பதால், இரண்டு இயல்புகளின் பண்புகளையும் அந்த ஒருவர் மேலேயே ஏற்றிச் சொல்லலாம். இதற்கு ‘பண்புப் பகிர்வு’ என்று பெயர் வைக்கலாம். ‘பண்பு’வை ஒதுக்கி வைத்தது இதற்காகத்தான்.

– கொட்டாஞ்சேனையிலிருந்து

* * *

தம்பிக்கும் குழுமத்துக்கும் அன்பு வணக்கம்.

நான் மெதடிஸ்த சபையில் பிரசங்கம் செய்கிறவள். எங்களிடம் ‘தேவத்துவம், மனுஷத்துவம்’ என்று புழக்கம். இயல்பு எனக்குச் சம்மதமே. ஆனால் ‘ஆளொருமை’ அச்சில் ‘ஆளுமை’ போலத் தெரிகிறது. பிரசங்க பீடத்திலிருந்து வேகமாக வாசித்தால் என் நாவே தவறும். ‘ஓராள்நிலை’ என்றால் என்ன? மற்றொன்று: ஒருமை ஒரு நிலைதான். வார்த்தை மாம்சமானது ஒரு செயல் அல்லவா? அந்தச் செயல் உங்கள் சொல்லில் எங்கே?

– கொள்ளுப்பிட்டியிலிருந்து

* * *

அக்கா, இரண்டு கேள்விகளும் சரியான இடத்தில் தொட்டிருக்கின்றன.

‘ஓராள்நிலை’யை நானும் யோசித்தேன். பொருள் சரி. ஆனால் இலக்கணப்படி புணர்த்தினால் ‘ஓராணிலை’ ஆகிவிடும், யாருக்கும் விளங்காது. ‘ஓராண்மை’ என்றால் இன்னும் மோசம். மேலாண்மை, ஆண்மை எல்லாம் உள்ளே வந்துவிடும். புணர்த்தாமல் எழுதுவது என்று பாடநூல்காரர்கள் ஒத்துக்கொண்டால் உங்கள் சொல்லைப் பிரசங்கத்துக்கும், ஆளொருமையை நூலுக்கும் வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டும் ஒரே கோட்பாட்டைச் சொல்வதால் நம் கலைச்சொற் பதிவில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் போடலாம்.

செயலுக்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: மனிதராதல். ‘அவதாரம்’ வேண்டாம் என்பதற்குக் காரணம் அது பிறருடைய சொல் என்பதல்ல. அவதாரங்கள் பல, அவை வந்து முடிபவை. கிறிஸ்து ஒருமுறை மனிதரானார், உயிர்த்த பிறகும் மனிதராகவே இருக்கிறார். ‘உடலெடுத்தல்’ மட்டும் போதாது. நான்காம் நூற்றாண்டில் அப்பொல்லினாரியஸ் கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, மனித அறிவு இல்லை, அந்த இடத்தில் இறைவார்த்தை இருந்தது என்றார். அதற்கு நசியான்சு கிரகோரியார் தந்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது: ஏற்றுக்கொள்ளப்படாதது குணமாக்கப்படவும் இல்லை. நம் அறிவும், அச்சமும், துயரமும் குணமாக வேண்டுமென்றால் அவர் அவற்றையும் ஏற்றிருக்க வேண்டும். நம் விசுவாச அறிக்கை “உடல் எடுத்து மனிதர் ஆனார்” என்று இரண்டு வினைகளையும் அடுத்தடுத்து வைக்கிறது. கிரேக்க மூலத்திலும் அப்படியே. ஒன்றைக்கூட விடக்கூடாது.

பதிவில் இன்னொரு நேர்மை தேவை. கொப்டிக், சிரிய, ஆர்மேனிய, எத்தியோப்பிய மரபுத் திருச்சபைகளும், நம் அயலில் கேரளத்து மலங்கரை ஒர்த்தடொக்ஸ் சபையும் கால்செதோனை ஏற்கவில்லை. அவர்களை ‘ஓரியல்புக் கொள்கையர்’ என்று எழுதுவது தவறு. மனித இயல்பு கரைந்துவிட்டது என்று அவர்களும் சொல்வதில்லை. யூத்திக்கேசை அவர்களும் ஏற்பதில்லை. அலெக்சாந்திரியா ஆயர் சிரிலின் வழிநின்று, மனிதரான வார்த்தையின் இயல்பு ஒன்று என்கிறார்கள். 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கொப்டிக் தலைவர் மூன்றாம் செனூடாவும் சேர்ந்து ஒப்பமிட்ட அறிக்கையில் கிறிஸ்துவின் முழு இறைமையையும் முழு மனிதத்தையும் ஒன்றாகவே அறிக்கையிட்டார்கள். ‘ஒன்றித்த இயல்புக் கொள்கை’ என்று எழுதுவோம். ‘ஓரியல்பு’ யூத்திக்கேசோடு நிற்கட்டும்.

அடுத்துத் தீர்க்க வேண்டியது 681ஆம் ஆண்டின் சொல். மூன்றாம் கொன்ஸ்தாந்திநோப்பிள் பொதுச்சங்கம் கிறிஸ்துவுக்கு இறை விருப்பும் மனித விருப்பும் இரண்டும் உண்டு என்றது. உங்கள் பக்கம் ‘சித்தம்’. கர்த்தருடைய ஜெபத்திலேயே “உம்முடைய சித்தம்” என்று வருகிறது. எங்கள் பக்கம் அதே இடத்தில் ‘திருவுளம்’, அதை மனிதருக்குச் சொல்ல முடியாது. கெத்சமனித் தோட்டத்தில் “என் விருப்பம் அல்ல” என்ற அந்த மனித விருப்புக்கும் தந்தையின் விருப்பத்துக்கும் ஒரே வேர்ச்சொல் வேண்டும், இல்லாவிட்டால் வாக்கியமே உடைந்துவிடும். ‘உளம்’ என்று எடுத்து இறையுளம், மனிதவுளம் என்று பிரிக்கலாமா, அல்லது ‘சித்தம்’ என்றே பொதுவாக வைக்கலாமா? எனக்குச் ‘சித்தம்’ பக்கமே மனம் சாய்கிறது. உங்கள் சபையில் கேட்டு எழுதுங்கள் அக்கா.

– கொட்டாஞ்சேனையிலிருந்து