பின்னணியில் ஓடும் பணியை யூனிட் டெஸ்ட் (கோடின் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியாகச் சோதிப்பது) செய்வது எப்படி?

கேள்வி (பாலக்கோடு):
தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக்கிராமங்களின் பால் சங்கங்களுக்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலி எழுதியிருக்கிறேன். காலையில் ஊற்றும் பாலின் லிட்டரையும் கொழுப்பு அளவையும் முதலில் போனிலேயே பதிந்துகொண்டு, சிக்னல் கிடைத்ததும் ஒர்க்மேனேஜர் (ஆண்ட்ராய்டில் பின்னணிப் பணிகளை ஓட்டும் நூலகம்) வழியாகச் சர்வருக்கு அனுப்புகிறது. சென்ற வாரம் ஒருவர் ஊற்றிய 6.5 லிட்டர் இரண்டு முறை பதிவாகிவிட்டது. இதைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் காத்திருக்கிறேன், த்ரெட்.ஸ்லீப் (கோடைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் கட்டளை) போட்டு எழுதிய டெஸ்டோ ஒரு நேரம் பாஸ் ஆகிறது, ஒரு நேரம் ஃபெயில் ஆகிறது. வேறு வழி உண்டா?

பதில் (ஓசூர்):
திரும்பத் திரும்ப ஓடும் பணிக்கு ஒர்க்மேனேஜர் அனுமதிக்கும் மிகக் குறைந்த இடைவெளியே 15 நிமிடம்தான். அது நேரத்துக்கு எழுப்புகிறதா என்பதை விட்டுவிடுங்கள். எழுப்பியபின் உங்கள் கோடு என்ன செய்கிறது என்பதை மட்டும் சோதியுங்கள். டெஸ்ட்லிசனபிள்வொர்க்கர்பில்டர் என்ற சோதனைக் கருவி கொண்டு வொர்க்கரை (பின்னணிப் பணியைச் செய்யும் கிளாஸ்) நேரடியாக உருவாக்கி, வொர்க்கருக்கு வேண்டியதை உள்ளே கொடுக்கும் வொர்க்கர்ஃபாக்டரி மூலம் போலி சர்வர் ஒன்றைக் கொடுத்து, பணி எழுதப்பட்டிருக்கும் டூவொர்க் ஃபங்ஷனை அழைத்தால் காத்திருப்பே இல்லை. சிக்னல் இல்லாதபோது ரீட்ரை (பிறகு மறுபடி முயல வேண்டும் என்ற விடை) வருகிறதா என்று பார்ப்பது எளிது. உங்கள் சிக்கல் பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலையும் இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். போலி சர்வர் பதிவை வாங்கி வைத்துக்கொண்டு ஐஓஎக்ஸெப்ஷன் (தொடர்பு அறுந்தது போன்ற பிழை) எறியட்டும்; பிறகு டூவொர்க்கை மறுபடி அழைத்து, இரண்டு முறையும் ஒரே பதிவு எண் போயிருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை எங்கே உருவாக்குகிறீர்கள்?

கேட்டவர்:
டூவொர்க்கிற்குள்தான் யூயூஐடி (வேறெதனுடனும் ஒத்துப்போகாத அடையாள எண்) உருவாக்கிக்கொண்டிருந்தேன் ஐயா. ஒவ்வொரு ரீட்ரையிலும் புது எண் போனதால் சர்வர் அதைப் புதுப் பதிவாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. பாலை அளந்து பதியும்போதே எண் கொடுக்குமாறும், அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஒதுக்குமாறும் மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்ன டெஸ்டை முதலில் எழுதி, அது ஃபெயில் ஆவதைக் கண்ணால் பார்த்த பிறகே திருத்தினேன்.

பதில் (தருமபுரி):
சிக்னல் இருந்தால் மட்டுமே ஓட வேண்டும் என்ற நெட்வொர்க் நிபந்தனையையும் சோதிக்க விரும்பினால், ஒர்க்மேனேஜர்டெஸ்ட்இனிட்ஹெல்பர் என்ற சோதனைக் கருவி தரும் டெஸ்ட்டிரைவரில் செட்ஆல்கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்மெட்டை அழையுங்கள். சிக்னல் வந்ததாகவே எடுத்துக்கொண்டு பணி உடனே ஓடும். ஆனால் ஆண்ட்ராய்டு 6 முதல் உள்ள டோஸ் நிலையில், திரை அணைந்து அசையாமல் கிடக்கும் போன் பின்னணிப் பணிகளைத் தள்ளிப்போடுவதை யூனிட் டெஸ்ட் காட்டாது. அதற்கு ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) மூலம் போனை டோஸ் நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். சங்கத்தில் பயன்படுத்தும் அதே மாடல் போனாக இருந்தால் நல்லது.