புதுப்பிப்பு: தந்தை நான்தான் என்று தீர்ப்பு வந்தது, பார்க்கும் உரிமைக்குத் தனி மனு

திருமணமாகாத உறவில் பிறந்த என் மகளின் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இல்லை, சட்டப்படி அப்பா ஆவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வீட்டிலேயே செய்யும் டிஎன்ஏ கிட் வாங்கினேன். வீண் செலவு. மாதிரி யாருடையது என்பதற்குச் சாட்சி இல்லை என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. "உத்தரவு வாங்கி, ஆய்வகத்தில் அடையாள அட்டை காட்டி மாதிரி கொடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் கைகொடுத்தது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார்கள், அவ்வளவுதான். மகள் அழக்கூட இல்லை. நான்தான் தந்தை என்பதற்கான வாய்ப்பு 99.99 சதவீதத்துக்கும் மேல் என்று முடிவு வந்தது.

நான் எதிர்பாராதது இது: தீர்ப்போடு பராமரிப்புத் தொகை கட்டும் பொறுப்பு உடனே வந்துவிட்டது, மகளைப் பார்க்கும் உரிமை வரவில்லை. அதற்குத் தனியாக மனு போட்டு மறுபடி அலைந்தேன். தந்தை என்ற தீர்ப்பையும் பார்க்கும் உரிமையையும் ஒன்றாகவே கேட்டிருக்கலாமாம். வக்கீல் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது வாரம் ஒரு நாள் என்னிடம் வருகிறாள்.

சான்றிதழும் தானாக மாறவில்லை. தீர்ப்பு நகலைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்த பிறகுதான் என் பெயர் ஏறியது.