புதுப்பிப்பு: அண்ணனின் வயிற்று ரத்தக்கசிவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

அண்ணனுக்குத் திடீரென்று வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து ஐசியூவில் சேர்த்ததை எழுதியிருந்தேன். அடிபடவில்லை, அல்சரும் இல்லை, அப்புறம் எப்படி என்று பலரும் கேட்டிருந்தீர்கள். நோயின் பெயர் செக்மென்டல் ஆர்டீரியல் மீடியோலைசிஸ். 1976இல்தான் இதை முதன்முதலில் விவரித்தார்களாம்.

தமனிச் சுவரின் நடு அடுக்கிலுள்ள தசை அங்கங்கே சிதைந்துபோகிறது. வலுவிழந்த இடம் புடைத்து, ஒருநாள் வெடித்துவிடுகிறது. டாக்டர் சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) படத்தைக் காட்டினார். பெருங்குடலுக்குப் போகும் தமனி ஓரிடத்தில் சுருங்கி, அடுத்த இடத்தில் உப்பி, கோத்த மணிமாலை போல இருந்தது. தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, கசிந்த இடத்தைச் சின்ன உலோகச் சுருள்களால் அடைத்துவிட்டார்கள். வயிற்றைத் திறக்கவே இல்லை.

அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஏன் தரவில்லை என்று கேட்டவர்களுக்கு: படத்தில் ரத்தக்குழாய் அழற்சி மாதிரியே தெரிந்தாலும் இதன் காரணம் அழற்சி இல்லை. ஸ்டீராய்டு உதவாது, கெடுதலும் செய்யலாம். அத்தனை ரத்தப் பரிசோதனைகள் எடுத்ததும் இது அழற்சியா இல்லையா என்று பிரித்தறியத்தான்.

இப்போது எழுந்து நடக்கிறார். பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வேறு தமனிகளிலும் புடைப்பு இருக்கலாம் என்பதால் கழுத்து, மூளைக்கும் ஸ்கேன் எடுக்கப்போகிறார்கள். அதுவரை பயம் இருக்கத்தான் செய்கிறது. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.