முதல் நகர்வே ஜி4 வந்தால்? (வீட்டுக் குழுவில் ஒரு மாலை)

நான்: செஸ் போட்டியில் மூன்றாவது ரவுண்டு போய்விட்டது. கருப்புக் காய். மனசே ஆறவில்லை.

சித்தி: பரவாயில்லை கண்ணு, நாளைக்கு இன்னும் இரண்டு ரவுண்டு இருக்கிறதே.

நான்: தோற்றது கூடப் பெரிதில்லை சித்தி, தோற்ற விதம்தான். எதிரே உட்கார்ந்தவர் முதல் நகர்வே ஜி4 வைத்தார், அதாவது ஜி வரிசைச் சிப்பாயை நான்காவது கட்டத்துக்கு. ஆறு மாதமாக நான் படித்தது எல்லாம் ஈ4-க்கும் டி4-க்கும்தான். முதல் மூன்று நகர்வுக்கே இருபது நிமிடம் போய்விட்டது.

அண்ணன்: அது க்ராப் ஓப்பனிங், ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறை. அதையெல்லாம் சும்மா விடக்கூடாது, அங்கேயே அடித்துவிட வேண்டும்.

நான்: அடிக்கத்தான் போனேன். நான் டி5, அவர் பிஷப்பை ஜி2-இல் வைத்தார். ஜி4 சிப்பாய் சும்மா கிடக்கிறதே என்று என் பிஷப்பால் வெட்டினேன். அவர் சி4. அதையும் டி5 சிப்பாயால் வெட்டினேன். அவ்வளவுதான், ஜி2 பிஷப் நேராக வந்து பி7-ஐ வெட்டியது, மூலையில் இருந்த யானை நகர இடமில்லாமல் மாட்டிக்கொண்டது.

மாமா: இப்போதுதான் பார்த்தேன். அதற்கு அடுத்து என்ன வைத்தாய்?

நான்: யானை போய்விட்டதே என்ற பதற்றத்தில் இன்னொரு பக்கம் ராணியை எடுத்துக்கொண்டு தாக்கப் போனேன் மாமா. அவர் யானையைச் சும்மா வாங்கிக்கொண்டார்.

மாமா: அங்கேதான் ஆட்டம் போனது, பி7-இல் இல்லை. பி8 குதிரையை டி7-க்கு எடுத்து வைத்திருந்தால், அவர் ஏ8-இல் யானையை வெட்டியதும் உன் ராணி அந்தப் பிஷப்பைத் திரும்ப வெட்டியிருக்கும். போதாததற்கு ஏ8-இல் இருந்து அந்த மூலைவிட்டம் முழுக்கத் திறந்து, ஹெச்1-இல் இருக்கும் அவருடைய யானையை மிரட்டும். யானைக்கு ஒரு பிஷப்பும் ஒரு சிப்பாயும் உன் கையில், உன் காய்கள் வெளியே, அவருடையவை வீட்டுக்குள்ளேயே. நஷ்டம்தான், ஆனால் உட்கார்ந்து ஆடக்கூடிய நிலை. விசித்திரமான ஓப்பனிங்கில் ஏமாந்துவிட்டோம் என்று தோன்றியதுமே ஆட்டமே முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம் பார், அதுதான் எதிராளிக்குக் கிடைக்கும் பெரிய லாபம்.

நான்: ஐயோ. குதிரை டி7 என் கண்ணிலேயே படவில்லை.

அண்ணன்: சரி மாமா, அப்படியென்றால் ஜி4-க்கு நேரடியான அடி எது? அதை மனப்பாடம் செய்துகொண்டால் போதாதா?

மாமா: போதாது. நீ ஜி4-க்கு மனப்பாடம் செய்தால் அடுத்தவர் பி4 வைப்பார், அதற்கடுத்தவர் குதிரையை சி3-இல் வைப்பார். அதை விட, வந்த நகர்வு எதை விட்டுக்கொடுத்தது என்று பார்க்கப் பழகுவது நல்லது. ஜி4 என்ன செய்தது? எஃப்4, ஹெச்4 கட்டங்களை இனி அந்தச் சிப்பாய் காக்க முடியாது. ராஜா அந்தப் பக்கம் கேஸ்லிங் செய்தாலும், அதாவது யானையோடு ஒரே நகர்வில் இடம் மாறி ஒதுங்கினாலும், நிம்மதியாக இருக்க முடியாது. இதெல்லாம் நிரந்தரக் குறை, எங்கேயும் ஓடிப்போகாது. அதை நான்காவது நகர்விலேயே தண்டிக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. டி5 வைத்தாய், சரி. பிஷப் ஜி2 வந்ததும் சி6. அவ்வளவுதான், அந்தப் பிஷப்பின் வழி அடைபட்டது, பி7 பத்திரம். அப்புறம் ஈ5-உம் கிடைத்தால் நடுப்பலகை உன்னுடையது, நேரம் பார்த்து ஹெச்5 வைத்து ஜி4-ஐத் தட்டிப் பார்க்கலாம்.

நான்: சிப்பாயை வெட்டவே கூடாதா?

மாமா: கூடாது என்றில்லை. வெட்டினால் சி4 வருவதைத் தெரிந்து வெட்ட வேண்டும். சி4 வந்ததும் நீ சி6 வைத்திருந்தால் கூட அவர் டி5-இல் வெட்டிவிட்டு ராணியை பி3-க்குக் கொண்டுவந்து பி7-ஐயும் டி5-ஐயும் ஒன்றாகக் குறிவைப்பார். அவர் வீட்டில் நூறு தடவை பார்த்த நிலை அது. நீ கடிகாரம் ஓட ஓட முதல் தடவை பார்க்கிறாய். அவருக்குத் தெரிந்த இடத்துக்கு நாம் ஏன் போக வேண்டும்?

சித்தி: அண்ணா, நம் சின்னவனுக்கும் இதே கதைதான். ஆன்லைனில் ஈ4, ஈ5 ஆனதும் எதிராளி ராணியை ஹெச்5-க்குக் கொண்டுவந்துவிடுகிறார். இவன் பயந்து ஜி6 வைக்கிறான், ஈ5 செக்கோடு போய் யானையும் போகிறது.

மாமா: முதலில் ஈ5-ஐக் காக்கச் சொல், குதிரை சி6. பிஷப் சி4 வந்து மேட் (ராஜா தப்பவே முடியாத செக்) மிரட்டினால் அப்போது ஜி6. ராணி எஃப்3-க்குப் போய்த் திரும்ப எஃப்7-ஐப் பார்க்கும், அதற்கு குதிரை எஃப்6. இரண்டு குதிரையும் வெளியே வந்துவிட்டன, அவருடைய ராணி மட்டும் அலைந்துகொண்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் வைக்கும் நகர்வு என்று நினைக்காதீர்கள், 2005-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா நம் சென்னை கிராண்ட்மாஸ்டர் சசிகிரணுக்கு எதிராக இதை நிஜப் போட்டியிலேயே வைத்தார். சசிகிரண் பொறுமையாக ஆடி ஜெயித்தார்.

சித்தி: சசிகிரணா! இதை இப்போதே அவனிடம் சொல்கிறேன்.

தாத்தா: எல்லாம் படித்தேன். லார்சன் ஸ்பாஸ்கி ஆட்டத்தைப் பிள்ளைக்கு யாரும் காட்டவில்லையா? 1970, பெல்கிரேடு, சோவியத் அணிக்கும் மற்ற உலகத்துக்கும் நடந்த போட்டி. டென்மார்க்கின் லார்சன் பி3 வைத்தார். கருப்பில் ஸ்பாஸ்கி, அப்போது உலகச் சாம்பியன். பதினேழே நகர்வில் முடித்துவிட்டார்.

அண்ணன்: பார்த்தீர்களா, அடித்துத்தானே முடித்தார்!

தாத்தா: எப்போது அடித்தார் என்று பார். முதலில் ஈ5. குதிரைகள் இரண்டும் வந்தன. ஈ4 என்று ஒரு அடி முன்னே போனார். இரண்டு பிஷப்பும் வந்தன, ராணி ஈ7, ராணிப் பக்கம் கேஸ்லிங். உள்ளே ஒரு காய் கூடத் தூங்கவில்லை. அதன் பிறகுதான் ஹெச் சிப்பாய் ஓட ஆரம்பித்தது, ஒரு குதிரையைக் கொடுத்தார், பதினான்காவது நகர்வில் ஹெச்1-இல் யானையையே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த நகர்வை நான் பலகையில் வைத்துப் பார்த்த நாள் இன்றும் கண்ணில் நிற்கிறது. பி3-ஐ அவர் தண்டிக்கவில்லை அப்பா, லார்சன் பின்தங்கியதைத்தான் தண்டித்தார்.

மாமா: அப்பா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும். ஏளனமாக நினைக்கவும் கூடாது. 1980-இல் கார்ப்போவ் ஈ4 வைத்ததற்கு இங்கிலாந்தின் மைல்ஸ் கருப்பில் ஏ6 வைத்தார், அடுத்து பி5. உலகச் சாம்பியன் தோற்றார். அபூர்வமான நகர்வு தானாகத் தோற்றுவிடாது.

நான்: பி4 வந்தால்?

மாமா: அதற்கு ஒராங்குட்டான் என்று பெயர். 1924 நியூயார்க் போட்டியின்போது டார்டகோவர் என்ற ஆட்டக்காரர் மிருகக்காட்சிசாலைக்குப் போய் ஒரு ஒராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து மரோட்சிக்கு எதிராக இதை ஆடினார், அதிலிருந்து வந்த பெயர். ஈ5 வை. பிஷப் பி2 வந்தால் உன் பிஷப் பி4-ஐ வெட்டட்டும், அவர் ஈ5-ஐ வெட்டட்டும், நீ குதிரை எஃப்6. நடுச் சிப்பாய் போனதே என்று வருந்தாதே, அடுத்த நகர்விலேயே கேஸ்லிங் செய்யலாம். அது பிடிக்கவில்லை என்றால் டி5, குதிரை எஃப்6 என்று சாதாரணமாக ஆடு.

அண்ணன்: எஃப்4-க்கு நான் எப்போதும் ஈ5 கொடுத்துவிடுவேன். அவர் வெட்டினால் டி6, திரும்பவும் வெட்டினால் பிஷப்பால் வெட்டுவேன். அவர் அசந்து குதிரையை சி3-க்கு எடுத்தால் ராணி ஹெச்4 செக், ஜி3, ராணியையே ஜி3-இல் கொடுத்து பிஷப்பால் மேட்!

மாமா: அழகான மேட்தான். ஆனால் அவர் குதிரையை எஃப்3-க்கு எடுத்துவிட்டால் நீ ஒரு சிப்பாய் குறைவு. வெட்டாமல் ஈ4 வைத்தால் கிங்ஸ் கேம்பிட் என்ற வேறு ஓப்பனிங், அது உனக்குத் தெரியுமா?

அண்ணன்: தெரியாது மாமா.

மாமா: தங்கைக்கு நாளைக்கு ரவுண்டு, அவள் டி5 வைக்கட்டும்.

நான்: இன்னொன்று கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் எல்லாக் குதிரைகளையும் முதலிலேயே எடுக்கும் நான்கு குதிரை ஆட்டத்தில் திடீரென்று ஈ5 சிப்பாய்க்காகக் குதிரையையே கொடுக்கிறார்களே, ஹாலோவீன் என்று பெயர். வாங்கிக்கொண்டதும் டி4, அப்புறம் சிப்பாய்கள் துரத்திக்கொண்டே வருகின்றன.

மாமா: அதுதான் இன்றைக்குப் பேசியதிலேயே முக்கியமான இடம். கிடைத்த குதிரையை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் தோற்கிறார்கள். டி4 வந்ததும் குதிரையை சி6-க்கே திருப்பு. டி5 துரத்தினால் ஓடாதே, பிஷப்பை பி4-இல் வை. அவர் சி6-இல் வெட்டட்டும், நீ இன்னொரு குதிரையால் ஈ4-ஐ வெட்டு. குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய், துரத்த வந்த சிப்பாய்க் கூட்டம் கலைந்துவிட்டது, இப்போது சி3-இல் நீதான் தாக்குகிறாய்.

நான்: எழுதிவைத்துக்கொண்டேன். மாமா, இப்போது நேரம் இருக்கிறதா? ஒரு ஆட்டம், பத்து நிமிடம். நீங்கள் வெள்ளை.

மாமா: இங்கேயே ஆரம்பிக்கலாம். ஜி4.

நான்: டி5.

மாமா: பிஷப் ஜி2.

நான்: சி6.

மாமா: ஹெச்3.

நான்: ஈ5. மூன்று நகர்வு, பத்து விநாடி கூட ஆகவில்லை மாமா.