மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து இரண்டு நாள் பயணம்: நண்பர்களோடும் சென்று ஓய்வாகத் திரும்ப வழி உண்டா?

கல்லடி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கும் என் மனைவிக்கும் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் ஆசிரியை, நான் நாள் முழுவதும் கணினிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் வேலையில் இருக்கிறேன். வாரத்தின் ஐந்து நாளும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது காலையில் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. ஆகையால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு சனி, ஞாயிறை வெளியூரில் கழிப்பது என்று தீர்மானித்தோம். எங்களோடு படித்த நண்பர்கள் மூவர் தங்கள் துணைவியருடன் சேர்ந்துகொள்ள விரும்பினார்கள். எங்களுக்கும் அது மகிழ்ச்சியாகவே இருந்தது.

முதற் பயணமாக, சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு வானில் புறப்பட்டு, செங்கலடியால் திரும்பி மகாஓயா, பிபிலை, பதுளை வழியாக மலைநாட்டிலுள்ள எல்ல சென்று, அங்கிருந்து நுவரெலியாவுக்கும் போய், ஞாயிறு நள்ளிரவு வீடு வந்து சேர்ந்தோம். லுணுகலைப் பக்கத்து வளைவுகளில் மனைவிக்கு மூன்று தடவை வாந்தி வந்தது. நான்கு அறைகள் பதிவு செய்திருந்த விடுதியில் இரண்டு அறைகளே தந்ததால், பெண்கள் ஓர் அறையிலும் ஆண்கள் ஓர் அறையிலுமாகப் படுத்தெழும்பினோம். போன இடங்கள் எல்லாம் அழகானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; ஆனால் ஓர் இடத்திலும் அரை மணித்தியாலம் இருந்ததாக நினைவில்லை. திங்கட்கிழமை காலை பாடசாலைக்குச் சேலை உடுத்திக்கொண்டே மனைவி சொன்னார்: "இந்த ரெண்டு நாளும் நாம ரெண்டு பேரும் ஒரு கதை கதைக்கல்ல." அந்த வார்த்தை எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஆனி மாதக் கடைசியில் மறுபடியும் புறப்பட எண்ணியுள்ளோம். இம்முறை கரையோரமாகவே போகலாம் என்பது என் விருப்பம். ஒரே பயணத்தில் பாசிக்குடாவையும் அறுகம்பையையும் பார்த்துவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். அது சரிவருமா? நண்பர்களின் மனமும் கோணாமல், நாங்கள் இருவரும் ஆறுதலாக இருந்து வர எப்படித் திட்டமிடுவது? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் பெரும் உதவியாக இருக்கும்.

தம்பிலுவிலான் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். இருபது ஆண்டுகளாக வான் ஓட்டிக் குடும்பங்களை ஏற்றி இறக்கியவன் என்பதால், நீங்கள் சொன்ன அந்தத் திங்கட்கிழமைக் காலை எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். பிழை மலைநாட்டில் இல்லை. இரண்டு நாளுக்குள் நான்கு நாள் பாதையைத் திணித்ததில்தான் இருக்கிறது. ஒரு நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வாகனத்தில் இருப்பதில்லை என்று முதலில் எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள். பாசிக்குடா உங்களுக்கு வடக்கே, அறுகம்பை தெற்கே. இரண்டையும் ஒரே சனி, ஞாயிறில் சேர்த்தால் பழைய கதைதான் திரும்பவும் நடக்கும்.

என் யோசனை அறுகம்பை. கல்லடியிலிருந்து அதற்குப் பக்கத்து ஊரான பொத்துவில் ஏறத்தாழ 105 கிலோமீற்றர். முழுவதும் ஏ4 நெடுஞ்சாலை, ஏற்றமும் இல்லை, தலை சுற்றும் வளைவுகளும் இல்லை. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழும்பினால், பகல் பத்து மணிக்குப் பிறகு வெளியில் முகம் கொடுக்க முடியாத அளவுக்கு வெக்கை அடிக்கும்; அதற்குள் பாதையை முடித்துவிட வேண்டும்.

பெரியகல்லாற்றுப் பாலத்தடியில் கட்டாயம் வாகனத்தை நிறுத்துங்கள். வெளிச்சம் வரும் நேரத்தில் அங்கே முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர்களைப் பார்க்கலாம். வலையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மிச்சத்தைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, இடுப்பைத் திருப்பி வீசும்போது அது வட்டமாக விரிந்து விழும். ஈயக்குண்டுகள் தண்ணீரைத் தொடும் சத்தம் மழையின் முதற் தூறல் போலக் கேட்கும். வலையை இழுத்து உதறும்போது இறால்கள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கில் தேநீர் குடியுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. நான் ஏற்றிச் சென்றவர்களில் பலர், பயணம் முடிந்த பிறகு அதிகம் கதைத்தது இந்த அரை மணித்தியாலத்தைப் பற்றித்தான்.

பிறகு மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியே வரும். கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்க மருதமுனையில் இறங்குவதானால், அதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது கடை ஏறினால் வெயில் வந்துவிடும். எட்டு மணிக்குள் எங்கள் திருக்கோவிலுக்கு வந்துவிடலாம். சித்திரவேலாயுத சுவாமியைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் நிழலில் இருந்து கட்டிக்கொண்டு வந்த புட்டைச் சாப்பிடுங்கள். அதற்கப்பால் கோமாரி, சங்கமன்கண்டி. இலங்கையின் நிலப்பரப்பில் மிகக் கிழக்கே நீண்டிருக்கும் முனை சங்கமன்கண்டியில்தான் இருக்கிறது. அந்தப் பாதையால் அடிக்கடி போய்வருகிற எங்கள் ஆட்களிலேயே பலருக்கு இது தெரியாது.

பத்து மணிக்கு முன்பே அறுகம்பையில் இருப்பீர்கள். அதன்பின் மாலை நான்கு மணி வரை எந்தத் திட்டமும் போடாதீர்கள். தூங்குகிறவர் தூங்கட்டும், கதைக்கிறவர் கதைக்கட்டும். மாலையில் பொத்துவில் களப்பில் தோணியில் போய்க் கண்டல் மரங்களுக்கிடையே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஞாயிறு விடியற்காலையில் பாணமை வழியாக உகந்தைமலை முருகன் கோயிலுக்குப் போய், பாறையில் ஏறி இருந்து கடலைப் பாருங்கள். குமண பூங்காவின் வாசல் அங்கேதான் இருக்கிறது. ஆனால் உள்ளே போனால் அரை நாள் போய்விடும், அதை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அறுகம்பைக்குத் தெற்கே கடலோரக் களப்புகளில் முதலைகள் உண்டு. 2017 இல் ஒரு வெளிநாட்டு இளைஞரை அப்படியொரு களப்பில் முதலை இழுத்துச் சென்று கொன்றது. மணலில் நடந்து வந்த காலைக் கழுவக்கூட களப்புத் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

கல்முனை வாசகி எழுதியது:

தம்பிலுவில் அண்ணா சொன்ன பாதையில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கேள்வி கேட்ட தம்பியின் மனைவி சொன்ன அந்த ஒரு வசனத்துக்குப் பாதையை மாற்றினால் மட்டும் மருந்து கிடைக்காது என்று நினைக்கிறேன். எட்டுப் பேர் ஒரே வானில் ஏறினால், எல்லை கடந்து போனாலும் கதை எட்டுப் பேருக்கும் பொதுவானதாகத்தான் இருக்கும். கணவன்மார் முன்னால் இருந்து பழைய வகுப்புக் கதை பேசுவார்கள். மனைவிமார் பின்னால் இருந்து ஒருவரையொருவர் மரியாதையாகச் சிரித்துச் சமாளிப்பார்கள். நானும் என் கணவரும் இப்படி மூன்று பயணம் போன பிறகுதான், அவருடைய நண்பர்களின் துணைவியர் எவரையும் நான் உண்மையில் அறியவில்லை என்பது எனக்கே விளங்கியது.

நாங்கள் பிறகு செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். இரண்டு வாகனங்களில் போனோம். எண்ணெய்ச் செலவு சற்றுக் கூடினாலும், போகும்போது ஒரு சோடியுடனும் வரும்போது வேறொரு சோடியுடனும் ஏறினோம். பெண்கள் முன் இருக்கையில் அமர்வதை வழக்கமாக்கினோம். வளைவுப் பாதையில் வாந்தி வருகிறவருக்கு அதுவே பாதி வைத்தியம். பணத்துக்கு, புறப்படும் முன்பே ஒவ்வொரு சோடியும் ஒரே தொகையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டோம்; தேநீருக்கு யார் காசு கொடுப்பது என்ற இழுபறி அன்றோடு நின்றது. விடுதிக்கு முதல் நாளே தொலைபேசி எடுத்து, அறைகளின் எண்ணிக்கையைச் சொல்லி, அதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பச் சொல்லுங்கள். உங்களுக்கு நடந்தது எங்களுக்கும் ஒருமுறை நடந்தது.

சமையல் வசதியுள்ள வீட்டை எடுத்தால் செலவு குறையும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கவனியுங்கள். கடற்கரையில் வாங்கிய மீனை ஆண்கள் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைக் கழுவி, வெட்டி, ஆணம் காய்ச்சி, சட்டி கழுவுவது யார்? வீட்டில் ஐந்து நாள் செய்வதைக் கடற்கரையில் ஆறாம் நாளும் செய்வதற்கு எந்தப் பெண்ணும் பயணம் போகத் தேவையில்லை. ஆண்கள் சமைப்பதானால் வீடு எடுங்கள். இல்லாவிட்டால் கடையில் சாப்பிடுங்கள்.

இரவுச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்து இருக்கட்டும். அதற்கு முன்னர் மாலை நேரம் அந்தந்தச் சோடிக்குரியது என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இரண்டு பேர் மட்டும் எழுந்து நடந்தால் மற்றவர்கள் மனத்தாங்கல் கொள்வார்கள்; முன்பே சொல்லிவிட்டால் எல்லோருக்கும் அது நிம்மதிதான். உண்மையில், மற்ற மூன்று சோடிகளும் இதே வார்த்தைக்காகக் காத்திருக்கக்கூடும்.

அறுகம்பை ஆனி, ஆடியில் அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவரால் நிரம்பியிருக்கும். சத்தமும் சனமும் வேண்டாம் என்று உங்கள் மனைவி நினைத்தால் பாசிக்குடாவை எண்ணிப் பாருங்கள். கல்லடியிலிருந்து ஒரு மணித்தியாலப் பாதைதான். பவளப்பாறைகள் அலையை மறித்து நிற்பதால், நீந்தத் தெரியாதவர்கூட வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போகலாம். சனி, ஞாயிறு பகலில் பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாக்காரர் வருவது உண்மை. ஆனாலும் விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கினால் அந்தக் குடா முழுவதும் உங்களுக்கே.

அக்கரையூரான் எழுதியது:

சில நடைமுறைக் குறிப்புகள் மட்டும். வெள்ளிக்கிழமை புறப்படுவதானால், காத்தான்குடி தொடக்கம் அக்கரைப்பற்று வரை பல ஊர்களில் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். பகல் சாப்பாட்டை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோலை அக்கரைப்பற்றிலேயே நிரப்பிவிடுங்கள்; திருக்கோவிலைத் தாண்டினால் பொத்துவில் வரை ஆளில்லாத நீளமான பாதை. பாணமைப் பாதையில் பொழுதுபட்ட பின் போகவே வேண்டாம், யானைகள் குறுக்கே வரும். ஒற்றை யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல், வெளிச்சத்தைக் குறைத்து, தூரத்திலேயே நின்றுவிட வேண்டும்.

கடல் அலுத்துவிட்டால் அடுத்த தடவைக்கு ஒரு யோசனை. காரைதீவுச் சந்தியால் அம்பாறைக்குத் திரும்பி இங்கினியாகலைக்குப் போங்கள். சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் அழைத்துச் செல்வார்கள். கல்லோயா தேசியப் பூங்காவின் யானைகள் அந்தக் குளத்தில் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்திப் போகும். முதலில் தும்பிக்கையின் நுனி மட்டும் தெரியும், பிறகு நெற்றியின் மேடு. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தியதும் அது மூச்சு விடும் சத்தம் கேட்கும். என் மகள் அன்று முழுவதும் வேறு எதையும் பேசவில்லை.

கல்லடி வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாப் பதில்களையும் நேற்றிரவு மனைவியோடு இருந்து வாசித்தேன். சமையல் பற்றி அக்கா எழுதியதை அவர் இரண்டு தடவை வாசித்தார். அறுகம்பை, இரண்டு வாகனம், நான்கு அறைகள், சனி மாலை அவரவர் சோடியாக என்று முடிவாகியிருக்கிறது. நண்பர்களிடம் இன்று காலை இதைச் சொன்னபோது, பாசிக்குடாவையும் சேர்க்க வேண்டும் என்ற நண்பரே முதலில் சரி என்றார். அவருடைய மனைவியும் சென்ற முறை மிகவும் களைத்துப் போனாராம், சொல்லக் கூச்சப்பட்டு இருந்திருக்கிறார்கள். ஒரு சந்தேகம்: அந்த நாட்களில் உகந்தையில் சனம் அதிகமாக இருக்குமா?

தம்பிலுவிலான் எழுதியது:

இருக்கக்கூடும் தம்பி. கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னதாக, பாதயாத்திரை போகும் அடியார்களுக்காக உகந்தையிலிருந்து குமணக் காட்டுப்பாதையைத் திறந்துவிடுவார்கள். அந்த நாட்களில் கோயில் வளவு முழுவதும் சனமாக இருக்கும், வாகனம் நிறுத்துவதும் கடினம். திறக்கும் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே புறப்படும் வாரத்தில் கேட்டறிந்துகொள்ளுங்கள். நாள் ஒத்துவந்துவிட்டால் தவிர்க்க வேண்டாம், அதிகாலையில் போய் ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தே நடந்து வந்தவர்கள் அங்கே மரத்தடியில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். பாதையில் பாவிக்க அரிசியோ தேயிலையோ கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். களுதாவளையைத் தாண்டும்போது வெற்றிலையும் ஒரு கூறு வாங்கி வையுங்கள்; எங்கள் திருக்கோவில் கோயிலுக்கு வரும்போது தேவைப்படும்.