வீட்டுப் பேப்பர்களை ஸ்கேன் செய்ய எந்த ஸ்கேனர் வாங்கலாம்? (அவசரம்)

காகிதக்கட்டு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு பெட்டி நிறையப் பேப்பர் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். நல்ல ஸ்கேனர் ஒன்று சொல்லுங்கள். ஒன்றில் 4800 டிபிஐ என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் 600 டிபிஐதான், ஆனால் அதன் விலை பல மடங்கு. ஏன் இப்படி? இந்த வாரத்துக்குள் வாங்கிவிட வேண்டும்.

ஆவணக்காரி:
பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். எல்லாம் தனித்தனித் தாளா, தைத்த நோட்டு, பாஸ்புக் மாதிரி ஏதாவது உண்டா? இரண்டு பக்கமும் அச்சா? கடை ரசீதுகள் எவ்வளவு? மடித்து மடித்து மடிப்பில் விட்டுப்போன பழைய தாள்கள் இருக்கின்றனவா? ஸ்கேன் செய்த பிறகு உள்ளே இருக்கும் எழுத்தைத் தேட வேண்டுமா, படமாக இருந்தால் போதுமா? எந்தக் கணினி?

டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 4800 என்று போட்டிருப்பது கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து வைக்கும் ஃபிளாட்பெட்டாக இருக்கும். 600 என்பது கட்டாக வைத்தால் தானே ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும் ஏடிஎஃப் வகை. அந்தக் கூடுதல் விலை தாளை இழுக்கும் உருளைகளுக்கும், ஒரே ஓட்டத்தில் இரு பக்கமும் எடுக்கிற இரண்டு சென்சார்களுக்கும். அச்செழுத்துக்கு 300 டிபிஐ போதும். ஏ4 தாள் 300இல் 2480 × 3508 பிக்சல் வரும், சுருக்காத வண்ணப் படம் ஏறக்குறைய 26 எம்பி. 600 வைத்தால் அது நான்கு மடங்கு. ரொம்பப் பொடி எழுத்து, புகைப்படம் இவற்றுக்கு மட்டும் 600 போங்கள். 4800ஐ நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

கைப்பேசிக்காரன்:
ஸ்கேனரே வேண்டாம் நண்பரே. கையில் இருக்கும் போனிலேயே ஓரத்தைத் தானாக வெட்டி, கோணலைச் சரி செய்து பிடிஎஃப் ஆக்கித் தருகிறது. ஐபோன் என்றால் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதலே நோட்ஸ் செயலியில் இந்த வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவிலேயே உண்டு. நான் எல்லாவற்றையும் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வேகநடை:
நாலு தாளுக்குப் போன் சரி. இரண்டு பெட்டிக்கு எப்படி? கை நிழல் விழும், தாள் கொஞ்சம் வளைந்திருந்தால் வரிகள் அலையாக வரும். ஏடிஎஃப் வாங்குங்கள், வேறு எதையும் யோசிக்காதீர்கள். கட்டை வைத்து பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகப் பார்த்து வாங்குங்கள்: இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்துக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். அது இல்லாத மெஷினில் நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கணிப்பொறியான்:
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். ஆரம்பநிலையில் இருப்பவர்கள் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். தரம் என்றால் சிசிடி சென்சார் (லென்ஸ் வழியாகப் படம் பிடிப்பது) உள்ள ஃபிளாட்பெட் மட்டுமே. எப்சன் பெர்ஃபெக்ஷன் வி600 போல. மெலிதாக இருக்கும் ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார்தான் (தாளை ஒட்டியே இருந்து படிப்பது), அதற்குக் குவிய ஆழம் மிகக் குறைவு. தாள் கண்ணாடியை விட்டுச் சிறிது எழும்பினாலே எழுத்து மங்கிவிடும். நோட்டின் நடுத் தையல் பக்கத்தை அதில் வைத்துப் பாருங்கள், புரியும். அடிப்படையைத் தெரிந்துகொண்டு பிறகு மாடலைப் பற்றிப் பேசலாம்.

வேகநடை:
நீங்கள் சொல்வது நோட்டுக்கும் புகைப்படத்துக்கும் உண்மை. தட்டையான ஒற்றைத் தாளுக்கு சிஐஎஸ்ஸில் ஒரு குறையும் இல்லை. மூடியைத் தூக்கு, தாளை வை, மூடு, காத்திரு, திருப்பு, மறுபடி மூடு என்று ஒவ்வொரு தாளுக்கும் செய்கிறவர் முதல் பெட்டி பாதி தாண்டுவதற்குள் விட்டுவிடுவார். அப்புறம் அந்தத் தரத்தை வைத்து என்ன செய்வது?

காகிதக்கட்டு:
பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பெரும்பாலும் ஒற்றைத் தாள்: வங்கிக் கணக்கு, காப்பீடு, மருத்துவ அறிக்கை, சான்றிதழ்கள். அப்பாவின் பழைய வீட்டுப் பத்திரங்கள் கொஞ்சம் உண்டு, மடிப்பு விட்டுப்போய் இருக்கின்றன. ரசீதும் நிறைய. லேப்டாப் சாதாரணமானதுதான்.

லினக்ஸ்தம்பி:
சாதாரணம் என்றால் விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? ஸ்கேனரில் டிரைவர்தான், அதாவது கணினியை மெஷினோடு பேச வைக்கும் நிரல்தான் பாதி உயிர். மேக் 2019இல் கேட்டலினா பதிப்போடு பழைய வகையான 32 பிட் நிரல்களை விட்டுவிட்டது. அன்றைக்கு மெஷின் நன்றாக இருந்தும் மென்பொருள் ஓடாமல் நின்றவர்கள் நிறையப் பேர். டுவெய்ன் என்ற பொது முறையில் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இருந்தால் டுவெய்னை ஆதரிக்கும் எந்த மென்பொருளிலிருந்தும் ஸ்கேன் செய்யலாம். சில வீட்டு மாடல்கள் அவர்கள் தரும் செயலியோடு மட்டுமே பேசும். அந்தச் செயலியை அவர்கள் கைவிட்டால் அதோடு தீர்ந்தது.

சிக்கனசெல்வி:
ஒரு யோசனை. எல்லாவற்றையும் கருப்பு வெள்ளையில் எடுங்கள். ஃபைல் துளியூண்டு ஆகிவிடும். எழுத்தும் பளிச்சென்று தெரியும்.

ஆவணக்காரி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் ஆவண வேலையில் இருப்பவள், இதன் விளைவைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சான்றிதழில் கையெழுத்துக்கு மேல் வெளிறிய ஊதா முத்திரை இருந்தது. கருப்பு வெள்ளை முறையில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கருப்பு, இல்லாவிட்டால் வெள்ளை என்று ஆகிவிடும். முத்திரையில் பாதி வட்டம் அப்படியே வெள்ளையாகப் போயிற்று, மிச்சம் கையெழுத்தோடு சேர்ந்து ஒரு கருங்கறை. வெற்றுப் பக்கத்தைத் தானாக நீக்கும் வசதியும் இதே மாதிரிதான். பின்பக்கத்தில் பென்சிலில் எழுதிய தேதியை வெற்றுப் பக்கம் என்று எடுத்து எறிந்துவிடும். முக்கியமானவற்றுக்கு அதை அணைத்து வையுங்கள். வண்ணம், 300 டிபிஐ. இடம் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சிக்கனசெல்வி:
இப்போது நல்ல சுருக்க முறைகள் இருக்கின்றனவே. ஜேபிக் 2 வைத்தால் கருப்பு வெள்ளைப் பக்கம் சில கேபியில் முடிகிறது. படிக்கவும் நன்றாக இருக்கிறது.

லினக்ஸ்தம்பி:
படிக்க நன்றாக இருப்பதுதான் ஆபத்து. 2013இல் ஜெர்மனியின் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் வெளியே கொண்டுவந்த விஷயத்தைப் பாருங்கள். ஜெராக்ஸ் வொர்க்சென்டர் மெஷின்களில் ஸ்கேன் செய்த வரைபடத்தில் அறைகளின் பரப்பளவு எண்கள் மாறியிருந்தன. வேறு தாள்களில் 6 இருந்த இடத்தில் 8 வந்தது. ஜேபிக் 2 ஒரே மாதிரி தெரியும் வடிவங்களை ஒன்றாகக் கருதி, ஒன்றின் படத்தையே எல்லா இடத்திலும் ஒட்டும். தவறான எண் மங்கலாகக்கூட இருக்காது, அசல் போலத் துல்லியமாக நிற்கும். பிறகு நிறுவனம் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. அந்த முறையின் இழப்பில்லா வடிவம் (ஒரு புள்ளிகூட மாறாமல் சுருக்குவது) பரவாயில்லை. இழப்புள்ள வடிவத்தை வங்கிக் கணக்குக்கும் மருத்துவ அறிக்கைக்கும் வைக்கவே கூடாது.

கணிப்பொறியான்:
இது அலுவலக மெஷினில் நடந்தது. வீட்டு ஸ்கேனருக்கு இதை ஏன் இழுக்கிறீர்கள்?

லினக்ஸ்தம்பி:
சுருக்குவது மென்பொருள், மெஷினின் அளவு அல்ல. பிடிஎஃப் அளவைக் குறைக்கும் எந்தச் செயலியிலும் இந்த அமைப்பு இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன்.

கணிப்பொறியான்:
அமைப்பைப் பார்க்கத் தெரியாதவர்கள் ஸ்கேன் செய்வதைக் கடையில் கொடுத்துவிடுவது நல்லது.

ஆவணக்காரி:
பத்திரமும் மருத்துவ அறிக்கையும் உள்ள பெட்டியை யாரிடமும் கொடுத்துவிட்டு வர வேண்டாம். கேட்டவர் வீட்டில் செய்யத்தான் வழி கேட்கிறார், அதற்குப் பதில் சொல்வோம்.

கைப்பேசிக்காரன்:
ஸ்கேன் முடிந்ததும் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிடலாம்தானே? அதற்குத்தானே இவ்வளவு பாடு?

ஆவணக்காரி:
பத்திரம், சான்றிதழ், அசல் கையெழுத்தும் முத்திரையும் உள்ள எதையும் கிழிக்காதீர்கள். ஸ்கேன் என்பது தேடவும் பார்க்கவும், அசல் தொலைந்தால் விவரம் தெரியவும். மற்றவற்றைக் கிழிப்பது என்றாலும், நகல் இரண்டு வேறு வேறு இடங்களில் இருக்கிறது, திறந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான்.

காகிதக்கட்டு:
லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். தமிழிலும் தேட வேண்டும்.

லினக்ஸ்தம்பி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்! சரி, கவனமாகக் கேளுங்கள். லினக்ஸில் ஸ்கேனர்களைப் பார்த்துக்கொள்வது சேன் என்ற தொகுப்பு. வாங்குவதற்கு முன் சேன் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். பிரதர் ஏடிஎஸ் வரிசையில் பல மாடல்களுக்கு நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தருகிறது. ஃபுஜிட்சு எஃப்ஐ வரிசையும் சேனில் நன்றாக ஓடும், அதைத்தான் இப்போது ரிக்கோ பெயரில் விற்கிறார்கள். ஃபிளாட்பெட் என்றால் கேனான் லைடு 400, யூஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஈஎஸ்சிஎல் (ஸ்கேனரோடு பேசும் ஒரு பொது முறை) ஆதரவு என்று போட்டிருந்தால் தனி டிரைவர் இல்லாமலே சேனோடு சேரும் ஏர்ஸ்கேன் என்ற பகுதி மூலம் வேலை செய்யும்.

தமிழ்த் தேடலுக்கு ஸ்கேனரோடு வரும் மென்பொருளை நம்பாதீர்கள், அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்களுக்கு ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற நிரல் போதும். படத்தில் உள்ள எழுத்தைப் படித்தறியும் டெசராக்ட்டை வைத்து அது ஓடுகிறது. டெசராக்ட்டுக்குத் தமிழ் மொழிப் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவிவிட்டு, தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்துக்கு இரண்டு மொழியையும் சேர்த்துக் கொடுங்கள். படம் அப்படியே இருக்கும், அடியில் தேடக்கூடிய எழுத்து ஓர் அடுக்காகச் சேரும். கையால் எழுதியதை அது படிக்காது. அதற்கு ஃபைல் பெயரிலேயே விவரம் வையுங்கள்: ஆண்டு, மாதம், தேதி, பிறகு என்ன தாள் என்று. பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும்.

ஆவணக்காரி:
அப்படியென்றால் என் பதில் இது. இரு பக்க ஏடிஎஃப் ஒன்று, பெட்டியில் பெரும்பகுதியை அது தின்றுவிடும். பழைய பத்திரங்களை அதற்குள் விடவே வேண்டாம், மடிப்பு விட்ட தாளை உருளை இழுத்துக் கிழித்துவிடும். அவற்றுக்குச் சின்ன ஃபிளாட்பெட். ஏ4ஐ விட நீளமான தாளை இரண்டு பகுதியாக, நடுவில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி எடுங்கள். இரண்டும் வாங்க முடியாவிட்டால் மேலே ஏடிஎஃப், கீழே கண்ணாடி என்று சேர்ந்து வருவதை எடுங்கள். அதில் ஏடிஎஃப் இரு பக்கமும் ஒரே ஓட்டத்தில் எடுக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ரசீதுகளை முதலில் முடியுங்கள். அது தெர்மல் தாள், சூட்டில் கருக்கும் வேதிப்பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெயிலிலும் வெப்பத்திலும், சில பிளாஸ்டிக் உறைகளுக்குள்ளும்கூட வெளிறிவிடும். லேமினேட் செய்யவே கூடாது, முழுத் தாளும் கருத்துவிடும். பத்திரம் இன்னும் பல வருடம் இருக்கும், ரசீது காத்திருக்காது.

கட்டை வைப்பதற்கு முன் ஸ்டேப்ளர் பின் ஒன்றுகூட இல்லாமல் எடுங்கள். பின் எடுத்த மூலையைக் கையால் நீவி விடுங்கள், அந்த மூலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுதான் இரண்டு தாளாகப் போகும். பிறகு கட்டை விசிறி, தட்டி வையுங்கள்.

வேகநடை:
கார்பன் இல்லாமல் நகல் விழும் தாள் இருந்தால் அதையும் ஃபிளாட்பெட்டில் எடுங்கள். அதன் பூச்சு உருளையில் ஒட்டினால் தாள் வழுக்க ஆரம்பிக்கும்.

காகிதக்கட்டு:
ஏடிஎஃப்பும் கண்ணாடியும் சேர்ந்ததையே வாங்கிவிட்டேன். உபுண்டுவில் உடனே தெரிந்தது. தமிழ்த் தேடலும் வருகிறது. ஆனால் ஏடிஎஃப்பில் எடுக்கும் எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழ் வரை ஒரு மெல்லிய கோடு. மெஷின் பழுதா? திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

ஆவணக்காரி:
கண்ணாடியில் வைத்து எடுத்தால் கோடு வருகிறதா?

காகிதக்கட்டு:
இல்லை.

ஆவணக்காரி:
அப்படியானால் பழுது இல்லை. பெரிய கண்ணாடிக்கு ஓரமாக ஒரு குறுகிய கண்ணாடிப் பட்டை இருக்கும், ஏடிஎஃப் தாள் அதன் மேல்தான் ஓடும். சென்சார் அங்கே ஒரே இடத்தில் நிற்கும், தாள் நகரும். அதனால் ஒரு தூசியோ பசைத் துளியோ இருந்தாலே பக்கம் முழுக்கக் கோடாகும். கோடு பக்கத்தில் எங்கே வருகிறதோ அதற்கு நேரே பட்டையில் விரலால் தடவிப் பாருங்கள், சின்ன மேடாகத் தட்டுப்படும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் துடையுங்கள். பின்பக்கத்தில் மட்டும் கோடு வந்தால், ஏடிஎஃப் மூடிக்குள் இருக்கும் இன்னொரு கண்ணாடியையும் துடையுங்கள்.

காகிதக்கட்டு:
போய்விட்டது. ஒட்டுத்தாள் பசை. நன்றி.

லினக்ஸ்தம்பி:
மாடல் எண்ணைப் போட்டுவிடுங்கள், இதே உபுண்டுவோடு அடுத்து வருகிறவருக்கு உதவும்.